‘சின்ன விபத்து’ என்று சொல்வது யார்?

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்காமல் வடசென்னையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று நம் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. அந்த லாரிகளுக்கு நடுவில்தான் மீன்பாடி வண்டியும் ஷேர் ஆட்டோவும் தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானையும் ஓடுகின்றன. உயிர் போனால் செய்தியாகிறது. பம்பரும் கதவும் நசுங்கினால் அது ‘சின்ன விபத்து’.

அப்படி ஒரு சின்ன விபத்துக்கு நாங்கள் போய் நின்றோம். குட்டியானை ஓட்டும் அண்ணன் ஒருவரின் வண்டியைப் பின்னால் வந்த டிரெய்லர் இடித்திருந்தது. டிங்கர் வேலை, லைட், பெயின்ட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஏரியா?” இரண்டாவது, “குடிச்சிருந்தியா?” வண்டிக்கு என்ன ஆனது என்பது அதற்கப்புறம்தான் வந்தது. லாரி ஓட்டுநர் தன் பேட்டா காசிலிருந்து 1,500 ரூபாயை எடுத்து நீட்டினார். “சின்ன விஷயம், பேசி முடிச்சுக்கோங்க” என்றார்கள். ‘எனக்கு எந்தப் புகாரும் இல்லை’ என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

இதில் எங்களுக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. “வாங்கிக்கோங்க அண்ணா, இதுவாவது கிடைச்சுதே” என்று அன்று நாங்களும்தான் சொன்னோம். சமூகவியலில் முதுகலை படித்திருந்தும் சட்டம் தெரியாது. தெரிந்துகொண்டபோது ஆறு மாதம் தாண்டியிருந்தது.

ஏரியாவைக் கேட்பது சாதியைக் கேட்பதன் இன்னொரு வடிவம் என்று நமக்குத் தெரியும். குப்பத்திலிருந்தும் சேரியிலிருந்தும் வருகிறவர் இடிபட்டு நின்றாலும், அவரே இடித்தவர் என்ற சந்தேகத்தோடுதான் விசாரணை தொடங்குகிறது. அந்தச் சந்தேகத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று நம் ஆட்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அன்று பணம் கைமாறியது யாருக்கும் யாருக்கும் இடையில்? இரண்டு தொழிலாளிகளுக்கு இடையில். ஒருவர் பேட்டாவை இழந்தார், இன்னொருவர் 12,500 ரூபாயை இழந்தார். லாரிக்கு வருடா வருடம் பிரீமியம் வாங்கிய காப்பீட்டு நிறுவனம் மட்டும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. சாலையோரத்தில் ‘பேசி முடிப்பதில்’ உண்மையான லாபம் அதற்குத்தான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவுப்படி எந்த வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அது சாவுக்கும் காயத்துக்கும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிறர் சொத்துக்கு நேரும் சேதமும் அதில் அடக்கம். வழக்கமான லாரி பாலிசியில் இதற்கு 7.5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சில உரிமையாளர்கள் பிரீமியத்தைக் குறைக்க 6,000 ரூபாய் என்று சுருக்கிக்கொள்வார்கள். அப்போது மீதியை உரிமையாளரிடமே கோரவேண்டும். சொத்து என்றால் வண்டி மட்டுமல்ல. தள்ளுவண்டி, வீட்டுச் சுவர், கூடையில் இருந்த மீன் எல்லாமே சொத்துதான்.

“கிளைம் போட்டால் ஓனருக்கு நோ கிளைம் போனஸ் போய்விடும்” என்று சொல்வார்கள். அந்த போனஸ் சொந்தச் சேதக் காப்பீட்டுக்கானது. மூன்றாம் தரப்பு கிளைமால் அது போகாது. “டிரைவருக்கு லைசென்ஸ் சரியில்லை, ஒன்றும் கிடைக்காது” என்பார்கள். 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, தேவையானால் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? காலவரம்பில். 1994இல் நாடாளுமன்றம் இந்தக் காலவரம்பை நீக்கியது. ஏழைகள் தாமதமாகத்தான் நீதிமன்றத்துக்கு வர முடிகிறது என்ற புரிதல் அதன் பின்னால் இருந்தது. 2019 திருத்தம் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யவேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இறுதித் தீர்ப்பு எப்படி வந்தாலும், ஆறு மாதத்துக்குள் மனு போடுவதுதான் நமக்குப் பாதுகாப்பு.

தோழர்களே, இதை நாம் செய்ய முடியும்.

இடித்த இடத்திலேயே படம் எடுங்கள். டிரெய்லர் என்றால் முன்வண்டியின் எண் தெளிவாகத் தெரியவேண்டும். எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் காப்பீடு எதுவரை இருக்கிறது என்று தெரியும். ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுங்கள். சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். ‘புகார் இல்லை’ என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சேதத்தைப் படம் எடுத்தபிறகே வண்டியைப் பட்டறைக்கு விடுங்கள். மெக்கானிக்கிடம் தேதியும் கையெழுத்தும் உள்ள எஸ்டிமேட்டும் பில்லும் வாங்குங்கள். விபத்துக்குள்ளான வண்டியின் விவரத்தைக் கேட்டால் போலீசும் ஆர்டிஓ அலுவலகமும் கொடுக்கவேண்டும் என்கிறது 160ஆவது பிரிவு.

மனுவை விபத்து நடந்த இடத்தின் தீர்ப்பாயத்திலும் போடலாம், நாம் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம் அந்த வேலையைச் செய்கிறது. வக்கீலுக்குக் காசு இல்லையே என்பீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

14,000 ரூபாய்க்காகத் தனி ஆள் பலமுறை கோர்ட்டுக்கு அலைவது கஷ்டம் என்பதை மறைக்கவேண்டாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் இது தனி ஆளின் வேலையாக இருக்கக்கூடாது. மாலைநேர வகுப்பு நடத்தும் ஒவ்வொரு இடத்திலும் வாரம் ஒருநாள் ஒரு மேசை போடுவோம். மனு எழுதத் தெரிந்த இரண்டு மாணவர்கள் போதும். பத்து மனுக்களை ஒன்றாகச் சேர்த்து லோக் அதாலத்துக்குக் கொண்டுபோனால் நிறுவனங்கள் பேச வரும்.

அந்த அண்ணன் இப்போதும் அதே சாலையில்தான் குட்டியானை ஓட்டுகிறார். வட்டிக்கு வாங்கித்தான் வண்டியைச் சரிசெய்தார். அந்த மேசை போடும்போது முதல் அழைப்பு அவருக்குத்தான். கெடுவை எதிர்த்த வழக்கில் தீர்ப்பு எப்படி வந்தாலும், தான் போட்ட கையெழுத்தின் கதையை அடுத்தவருக்கு அவரே சொல்லட்டும்.