எலிமருந்தில் வளர்ந்த நட்பு

கஞ்சாச் செடியும் காட்டு உயிர்களும் ஒன்றுக்கொன்று உதவி வாழ்கின்றன, ஆகவே கலிஃபோர்னியக் காடுகளுக்குள் கஞ்சா பயிரிடுவோரைப் பழிப்பது அநியாயம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தேனீ மகரந்தம் சுமக்கிறதாம், புறா விதை தூவுகிறதாம், கரடி காவல் காக்கிறதாம். பஞ்சதந்திரத்தில் சேர்த்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன்.

கரடியிலிருந்து தொடங்குவோம். 2010இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கிறிஸ்டினா ஏரிக்கு அருகே ஒரு கஞ்சாத் தோட்டத்தைச் சோதனையிடப் போன போலீசார் பத்துக் கருங்கரடிகளையாவது கண்டார்கள். அவை சாதுவாக இருந்ததும் உண்மைதான். அவற்றுக்கு நாய்த்தீவனம் போட்டுப் பழக்கியிருந்தார்கள் என்பதை மட்டும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். கரடி வந்தது தீனிக்கு. கஞ்சாவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. மனிதன் போடும் தீனியில் ருசி கண்ட கரடி ஊருக்குள் வரும். வட அமெரிக்காவில் அப்படி வருகிற கரடியைப் பல நேரம் சுட்டுக் கொல்கிறார்கள். கஞ்சா தின்று வட்டமடித்த வாலபிகளை, அதாவது குட்டிக் கங்காருக்களைப் போன்ற விலங்குகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 2009இல் டாஸ்மேனியாவில் பேச்சு அடிபட்ட அந்த வாலபிகள் புகுந்தது அபினி வயலில். செடியே வேறு, ஐயா. மிருக சாட்சி அவ்வளவு அவசியம் என்றால் சென்னைக்கே வந்திருக்கலாமே: பறிமுதல் செய்த 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீசார் சொல்ல, 2023இல் இரண்டு பேர் விடுதலையானார்கள்.

விதை விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் இடமிருந்தது. வோல்கா பகுதியில் காட்டுக் கஞ்சாவை ஆராய்ந்த ருஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவ், விதையின் அடியிலுள்ள கொழுப்புக்காக ஒரு சிவப்பு நாவாய்ப்பூச்சி விதைகளை இழுத்துச் செல்வதை 1920களில் எழுதிவைத்தார். அதைச் சொல்லியிருந்தால் மெச்சியிருப்பேன். இவர் பிடித்துக்கொண்டதோ புறாவை! சந்தன மரம் பறவைக்குச் சதையைக் கூலியாகக் கொடுத்து விதையைத் தப்பவைக்கிறது. கஞ்சாவிடம் கொடுக்கச் சதை இல்லை, விதையேதான் தீனி. புறா விழுங்கிய விதை பெரும்பாலும் அரைவைப்பையில் மாவாகிவிடும். சிந்திச் சிதறியது முளைக்கலாம். இதற்குப் பெயர் நட்பு என்றால், களத்தில் நெல் தின்கிற எலி உழவனின் பங்காளி.

தேனீயின் கதையும் ஒருபக்கக் கதைதான். கஞ்சா காற்றை நம்பி மகரந்தம் பரப்பும் செடி, பூவில் தேன் கிடையாது. கொலராடோவில், போதை குறைந்த கஞ்சா வகையான ஹெம்ப் வயல்களில் இருபதுக்கும் மேற்பட்ட தேனீப் பேரினங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆண்செடியின் மகரந்தத்தை அவை அள்ளிப் போகின்றன. தேனீக்கு லாபம், ஒப்புக்கொள்கிறேன். செடிக்கு என்ன வந்தது? பெண்பூவில் தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை. அங்கே தேனீ எதற்குப் போக வேண்டும்?

இதையெல்லாம் அவருக்கே விட்டுக்கொடுத்தாலும் வாதம் நிற்காது. போதைக்காகப் பயிரிடுகிறவன் ஆண்செடியைக் கண்டதும் பிடுங்கி எறிகிறான். கருவுறாத பெண்பூவில்தான் பிசின் அதிகம், விலையும் அதிகம். ஆண்செடி போனால் மகரந்தம் இல்லை, மகரந்தம் இல்லாமல் விதை இல்லை. கட்டுரையாளர் தேனீயையும் புறாவையும் சாட்சிக்கு அழைக்கிறார். அவருடைய கட்சிக்காரரோ அவற்றுக்கு வேண்டிய இரண்டையும் தோட்டத்தில் வைப்பதே இல்லை.

அங்கே வைப்பது எலிமருந்தை. இளந்தண்டைக் கடிக்கும் மர எலிகளுக்காக வைக்கிற, ரத்தம் உறைய விடாத மருந்து. அந்த எலிகளைத் தின்பது ஃபிஷர். பெயர்தான் மீனவன், மீன் பிடிக்காது. நம் நீலகிரி மார்ட்டெனுக்குத் தூரத்து உறவு. மூராட் கேப்ரியலும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியாவில் இறந்து கிடைத்த 58 ஃபிஷர்களில் 46இன் உடலில் இந்த மருந்து இருந்தது. அவற்றில் ஒன்று, கருவிலோ தாய்ப்பாலிலோ விஷத்தை வாங்கிக்கொண்ட குட்டி. 2018இல் வந்த இன்னோர் ஆய்வில், வடக்குப் புள்ளி ஆந்தைகள் பத்தைச் சோதித்ததில் ஏழில் அதே மருந்து. ஊரிலிருந்து வந்த விஷமாக இருக்கலாமே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். ஃபிஷர் வாழ்வது ஊரை விட்டு விலகிய அடர்காட்டில். மருந்துப் பொட்டலங்கள் அகப்பட்டதோ சோதனையிட்ட கஞ்சாத் தோட்டங்களில். உணவுப் பயிர்களுக்கு அமெரிக்கா தடைசெய்த கார்போஃபியூரானும் அங்கே கிடைத்தது. ஃபியூரடான் குருணை என்றால் நம் விவசாயிகளுக்குப் புரியும்.

கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென்றால் நேராகக் கேட்கட்டும். அதில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை இல்லை. கலிஃபோர்னிய வாக்காளர்கள் 2016லேயே அனுமதித்துவிட்டார்கள். அதன் பிறகும் தேசியக் காடுகளில் திருட்டுத் தோட்டங்கள் ஓயவில்லை. ஓடைகளிலிருந்து தண்ணீரைத் திருப்பிய பிளாஸ்டிக் குழாய்களையும் உர மூட்டைகளையும் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் கட்டித் தூக்க வேண்டியிருந்தது. கோடையில் ஏற்கெனவே மெலிந்து ஓடும் கலிஃபோர்னியாவின் வடபகுதி ஓடைகளில்தான் கோஹோ சால்மன் குஞ்சுகள் வளர வேண்டும். அவற்றுக்குக் கஞ்சா செய்த உதவியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.