வலுவுக்கு முன் ஊட்டம்

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905-ம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற சாதனமே டேர்போ. வீணே வெளியேறும் கழிவுப் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுள் மிகுதியான காற்றைச் செலுத்துவது அது. இதனை வீட்டிலேயே தம் காரிற் பூட்ட விழையும் இளைஞர்க்கு நாம் நினைவூட்ட விரும்புவன இரு குழாய்கள்.

முதலாவது பெற்றோற் குழாய். 1 இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 இறாத்தல் காற்று வேண்டும். காற்றைப் பெருக்கினால் பெற்றோலையும் பெருக்குதல் கடனன்றோ? முழுவிசையில் அக்கணக்கினும் சற்று மிகுதியாகவே ஊட்டவேண்டும். குறைந்தால், கலவை காலமல்லாக் காலத்தில் வெடித்துப் பிஸ்டனையே உருக்கிவிடும்.

மற்றது எண்ணெய்க் குழாய். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலுஞ் சுழலவல்ல டேர்போவின் அச்சு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கின்றது. அழுத்தத்துடன் வரும் எண்ணெய், தன் நிறையாலேயே கீழிறங்கி மீள்கின்றது. ஆதலின் மீளுங் குழாய் அகலமாகவும் சரிவாகவும் இருத்தல் வேண்டும். விரைந்தோடிய எஞ்சினை உடனே நிறுத்தினால், தேங்கிய எண்ணெய் வெப்பத்தாற் கரியாகும். சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டே நிறுத்துக.

ஊட்டமின்றி வேலை வாங்கினால் எருதும் வீழும், எஞ்சினும் வீழும். வலுவைத் தேடுமுன் ஊட்டத்தைத் தேடுவோமாக!