வெள்ளிக்கிழமை வரமாட்டீங்கன்னு யார் சொன்னது?

டிஸ்கி: இது சர்ச் சம்பந்தப்பட்ட பதிவு. யாரையும் மதம் மாத்துற உத்தேசம் இல்லை. கடவுள் இருக்காரா இல்லையான்னு பின்னூட்டத்துல கும்மியடிக்க நினைக்கிறவங்க தாராளமா அடிங்க, ஆனா மேட்டர் அது இல்லை.

போன பதிவுல எங்க சபையில பான்கேக் சுட்ட கதையை எழுதியிருந்தேன். அதுக்கு நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர், நெல்லைக்காரர், "லெந்து நாட்கள்ல பான்கேக், ஈஸ்டருக்கு முட்டை தேடுற விளையாட்டு. இது சர்ச்சா, ரெக்ரியேஷன் கிளப்பா?"ன்னு கேட்டிருந்தார். கூடவே ஒரு ஸ்மைலி. அந்த ஸ்மைலிதான் கடுப்பேத்துச்சு :-)

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் போறது ஒஹாயோவில ஒரு சின்ன ஊர்ல இருக்கிற எபிஸ்கோபல் சபை. இங்கிலாந்துச் சபையோட அமெரிக்க வாரிசு. சுதந்திரப் போருக்கு அப்புறம் ராஜாவுக்கு விசுவாசமா இருக்கேன்னு சத்தியம் பண்ண முடியாதில்லையா, அதனால 1789ல தனக்குன்னு சட்டதிட்டமும் ஜெபப் புத்தகமும் வச்சுக்கிட்டுத் தனிச்சபையா அமைஞ்சது. 1947ல நம்ம சி.எஸ்.ஐ. உருவானப்போ அதுல சேர்ந்த சபைகள்ல ஆங்கிலிக்கனும் ஒண்ணு. ஆக, நெல்லை நண்பருக்கும் எனக்கும் சபை வழியில பெரியப்பா, சித்தப்பா பிள்ளைங்க உறவு. அந்த உரிமையில திட்டுறேன்.

முதல்ல பான்கேக். சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வீட்டுல இருக்கிற முட்டை, பால், வெண்ணெயை எல்லாம் தீர்த்துடணும், மறுநாள்லேர்ந்து விரதம். தீர்க்க வழி என்ன? மாவோட கலந்து சுட்டுத் தின்னுடுறது. இதுதான் விஷயம். இங்கிலாந்துல ஓல்னின்னு ஒரு ஊர்ல பொம்பளைங்க அன்னிக்கு வாணலியும் கையுமா ஓட்டப்பந்தயம் ஓடுவாங்க. 1950லேர்ந்து அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்து லிபரல்ங்கிற ஊரும் அவங்களோட போட்டி போடுது. எங்க சபையில ஓட்டமெல்லாம் கிடையாது. ரிட்டையர் ஆன நாலு தாத்தாக்கள் ஏப்ரனைக் கட்டிக்கிட்டுக் கருகக் கருகச் சுடுவாங்க. அக்கம்பக்கத்துக்காரங்க, சர்ச் பக்கமே தலைவச்சுப் படுக்காதவங்க எல்லாம் வந்து சாப்பிட்டுட்டுப் போவாங்க.

அண்ணாச்சி, உங்க ஊர் அசனத்துல என்ன நடக்குது? அண்டா அண்டாவா சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ஜாதி மதம் பார்க்காம ஊரே உட்கார்ந்து சாப்பிடுது. அசனம் வச்சா பக்தி, பான்கேக் சுட்டா கிளப்பா?

லெந்து முழுக்க புதன்கிழமை சாயங்காலம் சூப்பும் ரொட்டியும் உண்டு. ஆளுக்கொரு வாரம் சூப் வச்சுக் கொண்டுவரணும். (என் முறை வந்தப்போ ரசத்தைக் கொஞ்சம் கெட்டியா வச்சு லென்டில் சூப்னு பேர் எழுதி வச்சேன். சட்டி காலி.) சூப் முடிஞ்சதும் சிலுவைப் பாதை. பதினாலு நிறுத்தம், பத்துப் பதினஞ்சு பேர் மெதுவா நடந்து சுத்தி வருவோம். முட்டை வேட்டை ஈஸ்டர் அன்னிக்கு. பிளாஸ்டிக் முட்டைக்குள்ள மிட்டாய். பிள்ளைங்க புல்வெளியில ஓடும், ஒண்ணு ரெண்டு அழும், அவ்வளவுதான். அதை ஆராதனைன்னு யாரும் சொல்லலை. பிள்ளைங்க சர்ச் வளாகத்துல சந்தோஷமா ஓடினா ஆண்டவருக்குக் கோபம் வரும்னு எனக்குத் தோணலை.

ஆக, நண்பரோட கேள்வி தப்பு. ஆனா சரியான கேள்வி ஒண்ணு இருக்கு. அது எங்க சபையையே நோக்கினது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

குருத்தோலை ஞாயிறுக்கு எங்க ஊர்ல என்ன பண்றாங்கன்னா, எல்லாரும் வாசல்ல கூடி, ஓலையைக் கையில வாங்கி, ஓசன்னா பாடிக்கிட்டு உள்ளே போறோம். உட்கார்ந்து இருபது நிமிஷம்கூட ஆகாது. இயேசுவைப் பிடிச்சு, விசாரிச்சு, அறைஞ்சு, அடக்கம் பண்ற வரைக்கும் முழுப் பாடுகளையும் வாசிக்கிறாங்க. பிலாத்துவுக்கு ஒருத்தர், பேதுருவுக்கு ஒருத்தர்னு ஆள் வச்சு வாசிப்பு. சபையாருக்குக் கூட்டத்தோட வேஷம். இப்போ ஓசன்னா பாடின அதே வாயால சிலுவையில அறையச் சொல்லிக் கத்தணும். முதல் தடவை எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, பொய் சொல்லலை.

அது ஏன் அன்னிக்கே வாசிக்கிறாங்கன்னு கேட்டேன். எங்க போதகர் பிரசங்கத்துலயே சொல்லிட்டார்: "உங்கள்ல பல பேர் வெள்ளிக்கிழமை வரமாட்டீங்க. குருத்தோலையிலேர்ந்து நேரா ஈஸ்டருக்குத் தாவிடுவீங்க. அதனால இன்னிக்கே கேட்டுடுங்க." எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

சிரிச்சது தப்புன்னு இந்த வருஷம்தான் புரிஞ்சது. வெஸ்ட்ரி கூட்டத்துல (நம்ம சேகரக் கமிட்டி மாதிரி) ஒருத்தர் எழுந்து, பெரிய வெள்ளி மதிய ஆராதனைக்குப் போன வருஷம் பதினோரு பேர்தான் வந்தாங்க, ஈஸ்டருக்கு இருநூறு பேருக்கு மேல, பாடுகளை ஞாயித்துக்கிழமையே வாசிச்சுடுறோம், அப்புறம் எதுக்கு வெள்ளிக்கிழமை ஹீட்டர் போட்டு, ஆர்கன்காரருக்குச் சம்பளம் கொடுத்து, கதவைத் திறந்து வைக்கணும்னு கேட்டார். கணக்குல தப்பில்லை. வருஷாவருஷம் பிரசங்கத்துல சொன்ன ஜோக்கைத்தான் அவர் தீர்மானமாக் கொண்டுவந்தார்.

இங்க ஒண்ணை நேர்மையா ஒத்துக்கணும். குருத்தோலை ஞாயிறுல பாடுகளை வாசிக்கிறது புதுசு இல்லை. 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்துலயே அன்னிக்கு மத்தேயு 27தான் சுவிசேஷம். சொல்லப்போனா அதுல ஓலை ஊர்வலமே கிடையாது. இங்கே இப்போ பழக்கத்துல இருக்கிற 1979ஆம் வருஷத்துப் புத்தகம்தான் ஓலைக்கு முறையா ஒரு சடங்கு வச்சது. அதனால "வாசிப்பை எடுத்துடுங்க"ன்னு நான் சொல்லலை. ஆனா அந்தப் பழைய புத்தகம் அதோட நிறுத்தலை பாருங்க. திங்கள், செவ்வாய்ல மாற்கு. புதன், வியாழன்ல லூக்கா. வெள்ளிக்கு யோவான். ஒரு வாரம் முழுக்க நாலு பேர் நாலு விதமா அதே சாவைச் சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை வாசிப்பு அந்த வாரத்துக்கு வாசல்படி. நாங்க வாசல்படியை வச்சுக்கிட்டு வீட்டை வித்துடலாமான்னு யோசிக்கிறோம்.

இப்போ நெல்லை நண்பர் மீசையை முறுக்குவார். "எங்க ஊர்ல பெரிய வெள்ளின்னா பன்னெண்டு மணிலேர்ந்து மூணு மணி வரை கோயில் நிரம்பி வழியும். ஏழு வார்த்தைக்கு ஏழு பிரசங்கம், எல்லாரும் வெள்ளை உடுப்பு." தெரியும் அண்ணாச்சி, நானும் அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து வளர்ந்தவன்தான். அம்மா மடியில மூணாம் வார்த்தையில தூங்கி ஆறாம் வார்த்தையில முழிச்சவன். ஆனா அங்கே பெரிய வெள்ளி அரசு விடுமுறை. இங்கே மத்திய அரசு விடுமுறை இல்லை, சில மாநிலங்கள்ல மட்டும் மாநில அரசு லீவு. நியூயார்க் பங்குச் சந்தைக்கு அன்னிக்கு லீவு உண்டு, எங்க ஆபீஸ்ல கிடையாது. லீவு நாள் கூட்டத்தை வச்சு பக்தியை அளக்காதீங்க. இன்னொண்ணு, அந்த மூணு மணி நேர ஆராதனையே நம்ம சொத்து இல்லை. 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில பெரு நாட்டு லிமாவுல அலோன்ஸோ மெஸியாங்கிற ஜேசு சபைக் குரு ஆரம்பிச்சு வச்சது. ஆங்கிலிக்கன்கள் 19ஆம் நூற்றாண்டுல அதை எடுத்துக்கிட்டாங்க. கத்தோலிக்கச் சரக்குன்னு தெரியாமலே நாம சீர்திருத்தச் சபைக்காரங்கன்னு மார்தட்டிக்கிட்டு ஏழு வார்த்தையும் கேட்டுட்டு வந்தோம்.

சரி, அந்தப் பதினோரு பேருக்கு வருவோம். நானும் அதுல ஒருத்தன். மதிய சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ்லேர்ந்து நழுவி வந்தேன். முன்வரிசையில ஒரு பாட்டி, மகனை அடக்கம் பண்ணி ரெண்டு வருஷம் ஆகலை. ஈஸ்டர் அன்னிக்கு அவங்க வர்றதில்லை. லில்லிப் பூவும் எக்காளமும் இன்னும் தாங்கலைன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்த நர்ஸ் ஒருத்தர், யூனிபார்மோட. ஈஸ்டர் ஞாயிறு காலையில அவருக்கு டூட்டி. கடைசிப் பெஞ்சுல ஒருத்தர், புதன்கிழமை சூப்புக்கு மட்டும் வர்றவர், பேர்கூட யாருக்கும் சரியாத் தெரியாது. சூப் மேசையில வச்சிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து வந்திருந்தார். யோவான் வாசிச்சு முடிச்சதும் அவர் எழுந்து போகலை. மரச்சிலுவை முன்னாடி ரொம்ப நேரம் நின்னார்.

இந்த மூணு பேர்கிட்டயும் போய், "ஞாயித்துக்கிழமையே வாசிச்சுட்டோம், நீங்க ஏன் வரலை?"ன்னு கேட்கச் சொல்றீங்களா?

வராத நூத்தித் தொண்ணூறு பேருக்காக ஏற்பாடு பண்ணி, வந்த பதினோரு பேருக்குக் கதவைச் சாத்துறது என்ன நியாயம்? அதுலயும் அந்த நூத்தித் தொண்ணூறு பேரை யாராவது கூப்பிட்டோமா? பான்கேக்குக்கு ஊரெல்லாம் போஸ்டர். முட்டை வேட்டைக்கு வாசல்ல பெரிய பேனர். பெரிய வெள்ளிக்கு? வாராந்தர அறிக்கைத் தாள்ல கடைசிப் பக்கம் ஒரு வரி. கூப்பிடவே இல்லை, வரலைன்னு குறை சொல்றோம். "வரமாட்டீங்க"ன்னு வருஷாவருஷம் மைக்ல சொல்லிக்கிட்டே இருந்தா அவங்களும் அப்படியே பழகிடுவாங்க.

உறுப்பினர் எண்ணிக்கை குறையுதுன்னு பயம் எல்லாருக்கும் இருக்கு. மறுக்கலை. 2022ல எபிஸ்கோபல் சபை முழுசுக்குமே 16 லட்சத்துக்குக் கீழே போயிடுச்சு. அதனால தலை எண்ணுற வியாதி பிடிச்சிருக்கு. ஆனா தலை எண்ணி வெட்ட ஆரம்பிச்சா எது மிஞ்சும்? பெரிய வியாழன் கால் கழுவுற சடங்குக்குக் கூச்சப்பட்டே பாதிப் பேர் வர்றதில்லை, அதை வெட்டு. சனி ராத்திரி இருட்டுல நெருப்பு மூட்டி, பெரிய மெழுகுவர்த்தி ஏத்தி, லெந்து முழுக்க வாயில வராத அல்லேலூயாவை முதல் தடவை பாடுற ஆராதனைக்கு முப்பது பேர், அதையும் வெட்டு. கடைசியில நெல்லை நண்பர் கேலி பண்ண கிளப்தான் நிஜமாவே மிஞ்சும். பான்கேக்கால இல்லை, எங்க கஞ்சத்தனத்தால.

கூட்டத்துல நானும் எழுந்து பேசினேன். என் இங்கிலீஷ் கோபம் வந்தா தடுமாறும், அதனால எழுதி வச்சு வாசிச்சேன். ஆர்கன் வேண்டாம், பெரிய வெள்ளிக்கு அது இல்லாமலே பாடலாம். ஹீட்டர் வேண்டாம், கோட்டு இருக்கு. பன்னெண்டுக்கு ஒண்ணு, வேலைக்குப் போறவங்களுக்காக சாயங்காலம் ஏழுக்கு ஒண்ணு. அரை மணி நேரம் இருந்துட்டுப் போறவங்களும் வரலாம்னு போஸ்டர்லயே எழுதுங்க. பான்கேக் போஸ்டர் எந்தெந்தக் கடையில ஒட்டினோமோ அதே கடைகள்ல இதையும் ஒட்டணும். ஒட்டுற வேலை என்னுது.

ஹீட்டர் மேட்டருக்கு மட்டும் பாட்டிகள் ரெண்டு பேர் பலத்த எதிர்ப்பு. மத்ததுக்கு அடுத்த மாசக் கூட்டத்துல ஓட்டெடுப்பு. போதகர் வெளியே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அந்த ஜோக்கை இனிமே சொல்ல முடியாதபடி பண்ணிட்டியேப்பா"ங்கிற மாதிரி ஏதோ சொன்னார். சிரிச்சாரா, முறைச்சாரான்னு தெரியலை.

ஓட்டெடுப்பு முடிவை அடுத்த பதிவுல போடுறேன். நெல்லை அண்ணாச்சி, அதுவரைக்கும் அந்த ஸ்மைலியை வாபஸ் வாங்குங்க.