69 லட்சம் பேரும் முட்டாள்களா? இலங்கை ஓட்டுக் கணக்கு சொல்லும் சேதி

இலங்கையில் 2022-ம் ஆண்டு ஒருவரைத் திட்டுவதற்குக் கெட்ட வார்த்தையே தேவைப்படவில்லை. "69 லட்சம்" என்று சொன்னால் போதும்!

பெட்ரோலுக்கு நாள் கணக்கில் கியூ. சமையல் கேஸ் கிடையாது. பால் மாவு கிடையாது. "எல்லாம் இந்த 69 லட்சத்தால் வந்த வினை" என்று பேச்சு. 2019 நவம்பர் 16-ந் தேதி நடந்த ஜனாதிபதி தேர்தலில் கோத்தபய ராஜபக்சேவுக்கு விழுந்த ஓட்டு 69 லட்சத்து 24 ஆயிரத்துச் சொச்சம். ஓட்டுப் போட்டவர்களுக்கு மூளை இல்லை என்பது குற்றச்சாட்டு.

அப்படியானால் வடக்கு, கிழக்கு, மலையகத்து நுவரெலியா மக்கள் எல்லாம் மகா புத்திசாலிகளா? அங்கே சஜித் பிரேமதாசாதான் முன்னணி. யாழ்ப்பாணத்தில் அவருக்கு 83 சதவீதத்துக்கு மேல். கோத்தபயவுக்கு வெறும் 6 சதவீதம். தெற்கே அம்பாந்தோட்டையில் கோத்தபயவுக்கு 66 சதவீதம். ஒரே நாடு, ஒரே நாள், ஒரே ஓட்டுச் சீட்டு. முடிவு மட்டும் தலைகீழ்!

புத்தி அல்ல, பயம்

அந்த ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். தெற்கில் இருந்தவர் "காவலுக்கு ஒரு ஆள் வேணும்" என்று கோத்தபயவைத் தேடினார். 2009-ல் முடிந்த போரில் பாதுகாப்புச் செயலாளர் அவர்தான். அதே காரணத்துக்காகத்தான் வடக்கில் இருந்தவர் அவரைக் கண்டு நடுங்கினார். இரண்டு பேரும் அவரவர் வீட்டு வாசலில் நின்று போட்ட கணக்கு.

விவசாயியைக் குறை சொல்வதும் நியாயமில்லை. பத்து ஆண்டில் இயற்கை உரத்துக்கு மாறுவோம் என்றுதான் கோத்தபயவின் தேர்தல் அறிக்கையில் இருந்தது. 2021-ல் திடுதிப்பென்று ரசாயன உரத்துக்குத் தடை போட்டால் ஓட்டுப் போட்டவர் என்ன செய்வார்? ஆனால் வரிக் குறைப்பு விஷயம் வேறு. 'வாட்' வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்குவோம் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். கஜானா காலியாகும் என்று அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரி குறைகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்!

தளபதிக்கு விழுந்த தமிழ் ஓட்டு

வடக்கின் ஓட்டும் வெளியாட்களுக்கு லேசில் புரியாது. 2010-ல் மகிந்த ராஜபக்சேவை எதிர்த்து நின்றவர் சரத் பொன்சேகா. எட்டு மாதம் முன்புவரை போரை நடத்திய ராணுவத் தளபதி. யாழ்ப்பாணத்தில் விழுந்த ஓட்டில் 63 சதவீதத்துக்கு மேல் அவருக்கே! பைத்தியமா? இல்லை. மகிந்தவை இறக்க வேறு ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

அதற்கு முன் 2005-ல் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் 7 லட்சம் வாக்காளர். ஓட்டுப் போட்டவர்கள் 1.2 சதவீதம். மகிந்த ஜெயித்த வித்தியாசமோ 1,80,786 ஓட்டுத்தான். அந்தக் காலி வாக்குச்சாவடிகளை வைத்து யாருடைய அறிவை அளப்பது? 2015-ல் அதே வடக்கும் கிழக்கும் திரண்டு வந்தன. சுமார் 4½ லட்சம் வித்தியாசத்தில் மகிந்த தோற்றார், சிறிசேனா வந்தார். வடக்கு, கிழக்கு ஓட்டை மட்டும் கழித்துவிட்டால் சிறிசேனா காலி!

இரண்டு மாதத்தில் புது மூளையா?

2022 ஜூலையில் ஜனம் மாளிகைக்குள் புகுந்தது. கோத்தபய நாட்டை விட்டு ஓடினார். 2019-ல் 3 சதவீதம் வாங்கிய அனுரகுமார திசநாயக்க, 2024 செப்டம்பர் 21-ல் 42 சதவீதம் வாங்கினார். திட்டு வாங்கிய அதே தெற்குதான் அள்ளிக் கொடுத்தது. யாழ்ப்பாணம் அப்போதும் நம்பவில்லை. அவருக்கு அங்கே கிடைத்தது 27 ஆயிரத்துச் சொச்சம்.

நவம்பர் 14-ல் நாடாளுமன்றத் தேர்தல். அதே யாழ்ப்பாண மாவட்டத்தில் அனுரவின் கட்சிக்கு 80 ஆயிரத்துக்கு மேல்! ஆறு இடத்தில் மூன்று அவர்களுக்கு. இடையில் மூளை மாறிவிடவில்லை. ஜனாதிபதி யார் என்பது முடிந்துவிட்டது. நம்மாள் ஆளும் கட்சியில் இருந்தால் காரியம் ஆகுமே என்ற நினைப்பு ஒருபக்கம். தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாகப் பிரிந்து நின்ற எரிச்சல் மறுபக்கம். மட்டக்களப்பு மட்டும் மசியவில்லை. அங்கே தமிழரசுக் கட்சிக்கே மூன்று இடம்.

அடுத்த மே மாதம், 2025 உள்ளாட்சித் தேர்தலில் யாழ்ப்பாணமும் தமிழரசுக் கட்சியை மறுபடி முன்னுக்குக் கொண்டு வந்துவிட்டது.