முன்னே நடப்பவர்



மார்கழிப் பனி இறங்கத் தொடங்கினால் போதும், மலையில் தங்கிவர ஆசை, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டுக் கடிதங்கள் வந்துவிடும். பெரும்பாலும் மலையேறிப் பழக்கமில்லாதவர்கள். நாற்பதைத் தாண்டியவர்களும் உண்டு. எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த மலை என்பது இருக்கட்டும், யார் பின்னால் நடக்கப் போகிறீர்கள்?

பொதிகை என்று நாம் உரிமையோடு சொல்லும் அகத்தியமலையையே எடுத்துக்கொள்வோம். உயரம் 1,868 மீட்டர். கிழக்கே தாமிரபரணியும் மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இந்த மலைத்தொகுதியில்தான் பிறக்கின்றன. நம் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். உச்சிக்குப் போகும் வழி கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டில் தொடங்குகிறது. பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் திறப்பார்கள். கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டும். உச்சிவரை ஒரு வழிக்கே 20 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் அதிருமலை முகாம்வரை நடந்து தங்கல். மறுநாள் உச்சி ஏறி முகாமுக்கே திரும்பி, மூன்றாம் நாள் இறக்கம். உச்சிக்குக் கால் வரவில்லையென்றால் அதிருமலையோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

குழுவோடு வரும் வழிகாட்டிகளில் பலர் காணி மக்கள், தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் வாழ்பவர்கள். நம் பாபநாசம் மலையிலும் அவர்கள் இருக்கிறார்கள். 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர்கள் சிலர் அகத்தியமலைக் காட்டில் நடந்தார்கள். ஏற்றத்தில் அவர்கள் களைத்து உட்கார, உடன்வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ காயை மென்றபடி சோர்வில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். என்ன காய் என்று கேட்டதற்கு முதலில் சொல்லத் தயங்கினார்கள். வெளியாரிடம் சொல்லக் கூடாத சேதி அது. பிறகு காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதில் கிடைத்த வருமானத்தில் காணி மக்களுக்கும் பங்கு தந்தது. பட்டம் பெற்றவர்கள் வழிகாட்டியிடம் பாடம் கேட்ட இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். முன்னே நடப்பவரை வெறும் வழிகாட்டும் ஆளாக மட்டும் பார்த்தால் எவ்வளவு இழப்போம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எழுதவே மனம் கனக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேறப் போயிருந்தவர்களில் 23 பேரைப் பலிகொண்டது. காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், ஒதுங்கப் பாறை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்தந்த மலையிலேயே வளர்ந்தவர்களுக்குத் தெரிகிற விஷயங்கள். அதன்பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை அறிவித்து, பழங்குடி இளைஞர்களையும் காட்டோரக் கிராமத்தினரையும் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறது. இரவு தங்குவதற்கு முன் ஒரு பகல் நடந்து பார்க்க நினைப்பவர்கள் இவற்றில் எளிதான ஒன்றில் தொடங்கலாம்.

அதிருமலைக்குப் போகும் வழியில் முட்டிடிச்சான் தேரி என்றொரு செங்குத்தான ஏற்றம். அங்கே விறுவிறுவென்று ஏறுகிறவர்தான் முதலில் மூச்சுவாங்கி உட்காருவார். வழிகாட்டியின் காலைப் பாருங்கள். சின்னச் சின்ன அடி, ஒரே சீர். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

பையைப் பற்றிக் கொஞ்சம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் புதியவருக்குப் போதும். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கட்டும். இடுப்புப் பட்டையை இறுக்கினால் சுமை தோளைவிட்டு இடுப்புக்கு வந்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. போட்டுப் பழகிய ஷூவே நல்லது. கிளம்புமுன் கால் நகங்களை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துப்போகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும், கூடவே காற்றும் அடிக்கும். ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் பையில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கும் மதுவும் கொண்டுபோக அனுமதியில்லை, அது மிகச் சரி. பாட்டுப் போடுகிற ஸ்பீக்கரையும் வீட்டில் விட்டுவிடுங்கள். யானை ஒடிக்கும் கிளைச் சத்தம் வழிகாட்டியின் காதில் விழ வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நெடுங்காலம் அகத்தியமலை உச்சிக்குப் பெண்களை விடவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். அகத்தியர் இருக்கும் இடம் என்பதால் காணி மக்களுக்கு அதில் வருத்தம் இருந்தது, எதிர்ப்பும் தெரிவித்தார்கள். ஆனாலும் ஏறியவர்களை அவர்கள் தடுக்கவில்லை. நம் வாசகியர் போகும்போது அந்த நம்பிக்கையையும் மதித்து நடப்பார்கள் என்று நம்புகிறேன்.

போய்வந்ததும் எழுதுங்கள். உச்சியில் எடுத்த படத்தோடு, உங்களை அழைத்துப்போனவர் வழியில் காட்டிய ஒரு மரத்தையோ செடியையோ பற்றி நான்கு வரி சேர்த்து அனுப்புங்கள். ஆசையோடு பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்