லைசன் கையில் இருக்கிறது, லொறி எங்கே?



சாமிமலை, நல்லதண்ணி, நோர்வூட் என்று மஸ்கெலியாவைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் புதிதாக லைசன் எடுத்த பிள்ளைகளைப் பார்க்கலாம். அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசு, சீட்டு எடுத்த காசு, சில வீடுகளில் அடகுக்குப் போன தோடு எல்லாம் அதற்குள் இருக்கிறது. பயிற்சிப் பாடசாலைக்குக் கட்டி, மருத்துவச் சான்றிதழ் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் பாஸ் பண்ணி வந்தால், லொறி முதலாளி கேட்கும் முதல் கேள்வி: "அனுபவம் இருக்கா தம்பி?"

நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்று சொல்வது போன்ற கதை இது. இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளை கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறான். லைசன் பெட்டிக்குள் கிடக்கிறது. வீட்டில் கடன் மட்டும் மிச்சம்.

எமது கருத்து இதுதான்: பிள்ளைகளுக்கு முதல் வேலை சொந்தத் தோட்டத்திலும் சொந்த டவுனிலும் கிடைக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. லொறி ஓடாமல் தேயிலைத் தொழிலே இல்லை.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். மடுவத்தில் நிறுத்த கொழுந்தை நேரத்தோடு தொழிற்சாலையில் இறக்காவிட்டால் அது சூடேறிச் சிவந்துவிடும். அங்கிருந்து தூள் மூட்டைகள் கொழும்பு ஏலத்துக்குப் போவதும், உரமும் விறகும் மேலே வருவதும் லொறியில்தான். 2022இல் டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, கொழுந்து ஏற்ற முடியாமல் தோட்டங்கள் தவித்ததை நாம் கண்ணால் பார்த்தோம். பறிக்கும் கையைப் போலவே ஸ்டியரிங் பிடிக்கும் கையும் இந்தத் தொழிலின் கைதான்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு பல வேலைகள் கொந்தராத்துக்கு விடப்பட்டன. கொழுந்து ஏற்றும் வேலையும் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. வெளியிலிருந்து லொறி வருகிறது, அதோடு சாரதியும் வருகிறார். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் பாதையின் ஒவ்வொரு வளைவையும், பனிமூட்டத்தையும், மழைக்கு மண் சரியும் இடங்களையும் சின்ன வயதிலிருந்து தெரிந்த நம் பிள்ளை ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முதலாளிமார் பக்கத்து நியாயத்தையும் பேசத்தான் வேண்டும். சமதரையில் பழகியவனிடம் பாரம் ஏற்றிய லொறியைக் கொடுத்து, கினிகத்தேனைப் பக்கம் இறக்கத்தில் இறக்கச் சொல்ல முடியாது. அதில் போவது லொறி மட்டுமில்லை, உயிரும்தான். ஆனால் அதற்கு வழி பழக்கி எடுப்பது. கதவை மூடுவது வழியல்ல.

சட்டமே படிப்படியாக ஏறும்படிதான் வைத்திருக்கிறது. 18 வயதில் இலகு வாகன லைசன் எடுக்கலாம். அதை வைத்து மொத்த எடை 3,500 கிலோவுக்குள் உள்ள பட்டா லொறி போன்ற சின்ன லொறிகளை ஓட்டலாம். கனரக வாகனத்துக்கு அதைவிடக் கூடிய வயது வேண்டும். இலகு வாகன லைசன் எடுத்து இரண்டு வருடமும் ஆகியிருக்க வேண்டும். ஆகவே தம்பிமாரே, எடுத்தவுடனேயே பெரிய லொறியைத் தேடி அலைய வேண்டாம். கடைச் சாமான், மரக்கறி, கேஸ் சிலிண்டர் என்று நம் டவுனிலேயே ஓடும் சின்ன லொறிகளில் தொடங்குங்கள். அந்த இரண்டு வருடம்தான் நாளைக்கு நீங்கள் காட்டப்போகும் அனுபவம். தங்கைமாருக்கும் இதையே சொல்கிறோம். லைசனில் ஆண் பெண் என்று பேதம் இல்லை.

வேலைக்குச் சேரும்போது சில விஷயங்களில் கவனமாக இருங்கள். லைசனை முதலாளியிடம் அடகு மாதிரிக் கொடுத்து வைக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் இருக்கிறதா, பிரேக்கும் டயரும் சரியா என்று பாருங்கள். ரோட்டில் பொலிஸ் நிறுத்தினால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் சாரதிதான். "பழகுகிறான்தானே" என்று சொல்லிச் சாப்பாட்டுக் காசோடு வருடக்கணக்கில் கிளீனராக வைத்திருப்பதற்கும் இடம் கொடுக்காதீர்கள். கிளீனரும் தொழிலாளிதான். அவருக்கும் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் போட்டு ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் தனியாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். தனியாகப் போகத் தயங்கினால் தோட்டத் தலைவரையோ தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது மூன்று. ஒன்று, சாரதி வேலை காலியானால் அதை மடுவத்திலும் பிரட்டுக்களத்திலும் அறிவித்து, லைசன் உள்ள தோட்டப் பிள்ளைகளை முதலில் கூப்பிட வேண்டும். இரண்டு, புதிதாக லைசன் எடுத்தவரைப் பழைய சாரதியோடு ஆறு மாதம் சம்பளத்துடன் ஓடவிட வேண்டும். முடிவில் அந்த அனுபவத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று, கொழுந்து லொறியைக் கொந்தராத்துக்கு விட்டால், சாரதிக்கும் கிளீனருக்கும் சேமலாப நிதி கட்டுவதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இந்த மூன்றுக்கும் புதுக் கட்டடமோ பெரிய செலவோ தேவையில்லை. லொறி இருக்கிறது, பாதை இருக்கிறது, பழக்கிவிடத் தெரிந்த அண்ணன்மார் இருக்கிறார்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆவதற்கும், 2024இல் அடிப்படை 1,350 ரூபா ஆவதற்கும் நாம் எத்தனை வருடம் கத்தினோம் என்பது உங்களுக்குத் தெரியும். கூடையைத் தாண்டி ஒரு தொழிலைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் அதே சத்தத்தைப் போடுவோம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் முதலில் ஒரு வேலை செய்யட்டும். உங்கள் டிவிசனில் லைசன் வைத்திருந்தும் வேலை இல்லாத பிள்ளைகளின் பெயர், வயது, லைசன் வகை ஆகியவற்றை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த முறை நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது அந்தப் பட்டியல் மேசை மீது இருக்க வேண்டும்.