ஏழு பேருக்கு ஒரு வண்டி



திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். வயதான தாய் தந்தையர், மனைவி, மூன்று பிள்ளைகள், தாம் என அவர் இல்லத்தில் ஏழு பேர். காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்கும், புனித அருளானந்தர் 1693-இல் இரத்தம் சிந்திய ஓரியூருக்கும் ஆண்டுதோறும் வாடகை வண்டியில் சென்று வருபவர்கள். இப்பொழுது தந்தையை மாதம் ஒருமுறை மதுரை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே, மல்லி விற்ற பணத்தோடு மனைவியின் நகையை அடகு வைத்த தொகையும் வங்கிக் கடனும் சேர்த்து, ஏழு பேர் அமரும் கார் ஒன்று வாங்க எண்ணியிருந்தார்.

அவர் மனம் பற்றியது, நம் மாநிலத்தில் ஒரகடத்தில் செய்யப்படும் ரெனால்ட் ட்ரைபர். கையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார். கார் இதழ்களில் அவ்வண்டியைப் பற்றி வந்த மதிப்புரைகளை மூத்த மகன் திரட்டிக் கொடுத்திருந்தான். "எல்லாரும் நல்ல வண்டி என்றே எழுதியிருக்கிறார்கள், சாமி. அச்சில் வந்ததை நம்பலாமா?" என்று கேட்டார்.

கடனும் நகையும் மட்டுமல்ல, ஏழு உயிர்களும் இக்கேள்வியில் அடங்கியிருப்பதால், நம் குடும்பங்கள் அனைத்தும் இதைச் சிந்திப்பது நலம் என்று தோன்றிற்று.

முதலில் வண்டியின் நிறைகளைச் சொல்லுவோம். அம்பாசடரில் ஒன்பது பேர் நெருக்கியடித்துப் போன காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். பின்னர் 1984-இல் மாருதி வேனும், 1994-இல் டாடா சுமோவும், 2000-இல் டயோட்டா குவாலிஸும் வந்தன. பெரிய வண்டிகளின் விலையோ சிறு விவசாயிக்கு எட்டாததாகவே இருந்து வந்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ட்ரைபர் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 4 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய். மூன்று வரிசைகளில் ஏழு இருக்கைகள். கடைசி வரிசை இருக்கைகளைத் தனித்தனியே கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். ஞாயிறன்று குடும்பத்தையும் திங்களன்று மல்லி மூட்டையையும் ஏற்றலாம். கரிசல் பாதையின் மேடுபள்ளத்துக்கு, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 182 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. இவையெல்லாம் மெய்யான நன்மைகளே.

குறைகளும் உண்டு; அவற்றின் காரணம் வெளிப்படையானது. 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எந்திரமும் உள்ள கார்களுக்கு 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை வரிச் சலுகை அளித்தது. அந்த வேறுபாடு இன்றும் தொடர்கிறது; 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய சிறு கார்களுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவேதான் ட்ரைபரின் நீளம் 3 மீட்டர் 99 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்குள் ஏழு பேரை அமர்த்தினால் பின்னால் மிஞ்சும் இடம் வெறும் 84 லிட்டர். ஏழு பேரும் ஏறிய பிறகு, திருவிழாவுக்குச் சமையல் பாத்திரமும் பாயும் எடுத்துச் செல்ல வழியில்லை. எந்திரமும் 999 கன சென்டிமீட்டர், 72 குதிரைத்திறன்தான். ஏழு பேரும் குளிர்சாதனமும் சேர்ந்த சுமையை அது எவ்வாறு இழுக்கிறது என்பதை, ஏழு பேரோடு ஓட்டிப் பார்த்தவரே சொல்ல முடியும்.

இங்கேதான் அந்தக் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தோம். கதவு மூடும் ஓசை முதல் விளக்கின் வடிவம் வரை நுணுக்கமாக எழுதியிருந்தார்கள். வண்டியைப் பற்றி நம்மைவிட நூறு மடங்கு அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவை நாம் மதிக்கிறோம். ஆனால், புதிய கார் வரும்போது பெரும்பாலும் நடப்பது என்ன? நிறுவனமே எழுத்தாளர்களை அழைக்கிறது. பயணச் செலவும் தங்கும் விடுதியும் அதனுடையவை. ஓட்டிப் பார்க்கத் தரும் வண்டியையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. எழுதுபவரும் படம் பிடிப்பவருமாக இரண்டு பேர் ஒரு நாள் ஓட்டுகிறார்கள். அடுத்த இதழில் அதே நிறுவனத்தின் விளம்பரம் முழுப் பக்கத்தில் வருகிறது. இதனால் அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் கூறவில்லை. முகம் கோணாமல் உபசரித்தவர் பொருளில் குறை காண எவருக்கும் நா எழுவதில்லை என்பதே மனித இயல்பு. நீதி வழங்குவோர் பரிசு வாங்கலாகாது என்று மோசேயின் சட்டம் விலக்கியதும் இந்த இயல்பை அறிந்தே அன்றோ?

இதற்கு நெறிமுறை இல்லாமலும் இல்லை. ஒரு நிறுவனத்தின் செலவில் பயணம் செய்து எழுதினால், அச்செலவையும் உபசரிப்பையும் அக்கட்டுரையிலேயே தவறாது குறிப்பிட வேண்டும் என்று, நிதித்துறைச் செய்தியாளர்களுக்கு இந்தியப் பத்திரிகை மன்றம் விதித்திருக்கிறது. சமூக ஊடகங்களில் பொருள்களைப் புகழ்வோரும், தாம் பெற்ற பணம், இலவசப் பொருள், பயணம், விடுதிவாசம் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் அறிவுறுத்தியது. நம் நண்பரின் காகிதக் கட்டில் அத்தகைய குறிப்பைத் தேடினோம். ஒன்றிரண்டில் இருந்தது, மற்றவற்றில் இல்லை.

இன்னொரு செய்தியையும் மறக்கலாகாது. 2014 ஜனவரியில், இந்தியாவில் மக்கள் விரும்பி வாங்கிய ஐந்து சிறு கார்களைக் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த வண்டிகள் ஐந்தும், பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதுவரை நாமும் அவற்றை எரிபொருள் சிக்கனத்துக்காகவும் விலைக்காகவும் புகழ்ந்து வந்தவர்களே.

ட்ரைபரையும் அதே அமைப்பு 2021-இல் சோதித்தது. பெரியவர் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு 3 நட்சத்திரம். வண்டியின் கூடு உறுதியற்றது என்ற குறிப்பும் உடன் வந்தது. சோதித்த வண்டியில் இருந்த காற்றுப்பைகள் 2. 2025 ஜூலையில் வந்த புதிய வடிவில் எல்லா வகைகளிலும் 6 உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடந்த அந்த முன்மோதல் சோதனையில், முன்னிருக்கைகளில் பெரியவர் பொம்மைகளும் இரண்டாம் வரிசையில் குழந்தைப் பொம்மைகளும் அமர்ந்திருந்தன. மூன்றாம் வரிசையில் எவரும் இல்லை. நம் வீடுகளில் மூன்றாம் வரிசையில் ஏற்றப்படுபவர்களோ பிள்ளைகள்.

எந்தச் சாட்சியும் தான் அமர்ந்த இருக்கையைப் பற்றியே பேச முடியும். அங்கே தன்னை அமர்த்தியவர் யார் என்பதையும் அது சொல்ல வேண்டும். இவ்விரண்டும் தெரிந்தால் மதிப்புரை நமக்குப் பயன்படும். தெரியாவிட்டால் அதுவும் விளம்பரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். எட்டாம் கட்டளை பொய்ச் சாட்சியை விலக்குகிறது. பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவதும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கவில்லை.

நம் மாநிலத்தில் செய்தது என்ற பெருமையும் கண்ணை மறைக்கக்கூடும். ஒரகடத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் உழைப்பை மதிக்கிறோம். அந்த மதிப்புக்காகக் குறையை மூடவும் வேண்டாம். உள்ளூர்ச் சரக்குதானே என்று இகழவும் வேண்டாம்.

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். நாமும் விளம்பரம் வாங்குகிறோம். கோவில் திருவிழா மலருக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் தந்த கடை ஒன்றின் பொருளில் குறை இருந்ததை அறிந்தும், அதை எழுத நம் பேனா தயங்கியதுண்டு. எழுதுவோரின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியார் முன் அதற்காக நாம் தலைகுனிகிறோம்.

நண்பருக்கு நாம் சொன்ன யோசனை எளியது. தீர விசாரிப்பதே மெய் என்பது பெரியோர் வாக்கு. ஆகவே, ஏழு பேரும் மதுரைக்குச் சென்று, விற்பனையகத்தில் வண்டியில் ஏறி அமருங்கள். நண்பகல் வெயிலில் ஏழு பேரோடு ஓட்டிப் பாருங்கள். அதே வண்டியை ஈராண்டாவது வைத்திருப்பவர் இருவரைக் கண்டு பேசுங்கள். எத்தனை காற்றுப்பைகள் என்றும், கடைசி இருக்கைக்கு எத்தகைய பட்டை என்றும் எழுத்தில் கேளுங்கள் என்றோம்.

அவ்வாறே சென்றார்கள். அவருடைய தாயார், எவர் தடுத்தும் கேளாமல், கடைசி வரிசையில் தாமே ஏறி அமர்ந்து பார்த்தாராம். இறங்கியதும், "எனக்கு முழங்கால் மடங்கல. பிள்ளைகளுக்கு இடம் பத்தும். ஆனா பின்னால இடிச்சா முதல்ல படுறது அவங்கதான், அதுக்கு என்ன வழின்னு கேளு" என்றாராம். காகிதக் கட்டு முழுவதிலும் இல்லாத கேள்வி அது. விற்பனையகத்தார் விடை தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நண்பர் இன்னும் முன்பணம் கட்டவில்லை. விடை வரட்டும் என்று காத்திருக்கிறார்.

எந்த வண்டி வாங்கினாலும், மந்திரிக்க வீட்டார் அனைவருமே வாருங்கள். தீர்த்தம் தெளிக்குமுன், கடைசி இருக்கை உட்பட எல்லாரும் பட்டை அணிந்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டே செபத்தைத் தொடங்குவோம். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபர் உங்களுக்காக வேண்டுவாராக.